பதினெட்டு வீட்டுக் கட்டு

வெள்ளைக்காரன் பேராக் காட்டுக்குள் முதன்முதலில் நுழைந்தபோது அவனிடம் துப்பாக்கி இருந்தது, வரைபடம் இருந்தது, கொய்னா மாத்திரை இருந்தது, தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயமும் இருந்தது. காடு நான்கையும் தின்று ஏப்பம் விட்டது. ஐந்து துரைமார் வரிசையாகக் காணாமல் போன பிறகுதான், கப்பலில் வந்து இறங்கிய நம் சனத்தில் சிலருக்கு எல்லை கட்டத் தெரியும் என்கிற விஷயம் கம்பெனியின் காதுக்கு எட்டியது. முதலில் தேங்காய் நாரில் கட்டினார்கள். ரப்பர் வந்ததும் மரத்தில் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பாலைத் திரித்துக் கயிறாக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, நான்கு மூலையிலும் புதைத்தார்கள். கட்டிய இடத்துக்குள் புலி வரவில்லை, பேய் வரவில்லை, மானேஜர்கூடக் கேட்காமல் வரமுடியவில்லை.

இதற்குக் கூலியாகக் கம்பெனி ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. கட்டு உயிரோடு இருக்கும்வரை உள்ளே இருக்கிற நிலம் கட்டியவர்களுக்கே சொந்தம். கூலிக்காரன் கயிறு எத்தனை நாளைக்குத் தாங்கும், மிஞ்சிப்போனால் இரண்டு மழைக்காலம் என்று சிரித்துக்கொண்டே துரை கையெழுத்துப் போட்டான். நூற்று முப்பது வருடமாகிறது. துரையும் போய்விட்டான், அவன் சிரிப்பும் போய்விட்டது.

அப்படிப் பார்த்தால் இந்நேரம் நாமெல்லாம் பெரிய ஜமீன்தார்களாக இருக்கவேண்டும் அல்லவா? இருநூறு தோட்டத்தில் கட்டிய கட்டுகளில் இன்றைக்கு மிச்சம் ஏழு. அந்த ஏழில் ஒன்று டன்ஸ்டன் தோட்டம். ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் போகும் பழைய ரோட்டில், செம்பனைக் காட்டுக்கு நடுவில், ஒரு ரப்பர் மரம்கூட இல்லாத ரப்பர் தோட்டம். பதினெட்டு வீடு, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு சின்ன மாதா கெபி, மழை பெய்தால் குளமாகிற ஒரு பந்துத் திடல். இதைப் பார்த்துத்தான் ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

மூன்றாம் நம்பர் வீட்டு பெட்ரீசியா ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் வேலை செய்கிறவள். நாற்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்த்து, "நம்பர் பதினாலு, உள்ள வாங்க" என்று கூப்பிடுவது அவள் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் அவள் அரசாங்க உரிமம் பெற்ற கட்டுக்காரி, மூன்றாம் நிலை. உரிமத்தை லேமினேட் செய்து திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தாள். இது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் ஒரு தடவை கேட்டாள். வேலி போடுவதைப் பாவம் என்று வேதத்தில் எங்கும் சொல்லவில்லை என்றார் அவர். சொல்லிவிட்டு, கோவில் வளாகத்தில் மாங்காய் திருட்டுப் போகிறது, அதற்கு ஏதாவது செய்யமுடியுமா என்றும் கேட்டார்.

கட்டின் விதி சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே பிறந்தவர்கள் இஷ்டப்படி வரலாம், போகலாம். வெளியாள் வரவேண்டுமானால் உள்ளேயிருந்து ஒருவர் 'வாங்க' என்று சொல்லவேண்டும். சொன்னால் அந்த ஆளுக்கு மட்டும், அன்றைக்கு மட்டும் வழி திறக்கும். சொல்லாவிட்டால் நடக்கலாம், ஓடலாம், லாரியில்கூட வரலாம். கால் போகும், சக்கரம் சுற்றும், ஆள் நின்ற இடத்திலேயே இருப்பார்.

அருமையான காவல்தான். ஆனால் காவல் இருப்பது யாரிடம்? வந்தவனைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லாவிட்டால் தூக்கம் வராத சனத்திடம். பாம்பு பிடிக்க வந்தவனுக்கும் வாங்க, வழி தவறி வந்தவனுக்கும் வாங்க. போன வருடம் கரண்டு வெட்ட ஒருவன் வந்தான். மூன்று வீட்டில் டீ குடித்தான், நான்காவது வீட்டில் மீன் குழம்போடு சாப்பிட்டான், வாயைத் துடைத்துக்கொண்டு பதினெட்டு வீட்டுக்கும் வெட்டிவிட்டுப் போனான். போகும்போது அவனுக்கு ஒரு டப்பாவில் ஊறுகாய் வேறு கொடுத்தனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஈப்போ மாந்திரீகப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டன்ஸ்டன் தோட்டத்துக் கட்டு செத்துவிட்டதாக அந்த வீடமைப்புக் கம்பெனி மனுக் கொடுத்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை நான்கு மணிவரை அதிகாரி வந்து சோதிப்பார். அவர் எல்லையைத் தாண்டி, கைவசச் சடங்கும் முடிந்துவிட்டால் கட்டு செத்ததாகக் கருதப்படும். வீட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளில் காலி செய்யவேண்டும்.

மனுவின் அடியில் கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தவன் கோலின். பெட்ரீசியாவின் உடன்பிறந்த தம்பி.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கக் கண் தெரியவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அப்பா லூர்துசாமி லாரியில் வாரக்கணக்காகத் தைப்பிங், கிள்ளான் என்று சுற்றிக்கொண்டிருக்க, அவனுக்குச் சோறு ஊட்டியதும், பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டதும், கணக்கில் முட்டை வாங்கியபோது வாத்தியாரிடம் போய்த் திட்டு வாங்கியதும் இவள். அவன் படித்துப் பெரிய ஆளாகி, கம்பெனியில் 'நிலத் தொடர்பு அதிகாரி' ஆனான். தொடர்பு ரொம்ப நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாகத் தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அக்காவை ஈப்போவில் ஒரு குளுகுளு உணவகத்துக்கு அழைத்துப்போய், பாதி வேகாத மீனை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவான்.

சோதனைப் படிவத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. 'அதிகாரி தாண்டினாரா? ஆம், இல்லை.' அவ்வளவுதான். யாராவது அழைத்தார்களா என்று கேட்க அதில் கட்டமே இல்லை. அந்தப் படிவத்தை எழுதியவன் அந்தக் காலத்துத் துரை. யாரும் கூப்பிடாமல் நுழைவதே அவன் பரம்பரைத் தொழில் ஆனதால், அழைப்பு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை மலாயில் அழகாக மொழிபெயர்த்து, மேலே ஒரு சின்னத்தைப் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகவே சனிக்கிழமை ஆறு மணி நேரம் டன்ஸ்டன் தோட்டத்தில் யாரும் அதிகாரியைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லக்கூடாது. காரியம் அவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது.

முதல் ஆபத்து பதினோராம் நம்பர் சன்னாசி. மனிதர் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்க வருகிற பெண்ணையே வாங்க என்கிறவர். அவரை வெள்ளிக்கிழமையே பாகான் செராயில் இருக்கிற மகள் வீட்டுக்கு நாடு கடத்தினார்கள். "நான் வாய மூடிக்கிட்டு இருப்பேன்மா, சத்தியமா" என்று பஸ்ஸில் ஏறும்வரை கெஞ்சினார். "அண்ணே, உங்கள நம்பலாம், உங்க வாயத்தான் நம்ப முடியல" என்று பெட்ரீசியா டிக்கெட்டைக் கையில் திணித்தாள். ஏறி உட்கார்ந்த சன்னாசி, பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து "வாங்க, எங்க போறீங்க?" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்து இறங்கினார். நைனா முகம்மது, ஐம்பத்தொன்பது வயது, ஓய்வுக்கு இரண்டு மாதம் பாக்கி. வெள்ளைச் சட்டை, பழைய தோல் பை, காலில் ரப்பர் செருப்பு. எல்லை தாண்டும் வேலைக்கு ஷூ தேயும், செருப்புத்தான் லாபம் என்பது அவர் முப்பது வருட அனுபவம். பின்னாலேயே கோலினும் வந்தான். புத்தம் புதுக் கார், கம்பெனிப் பெயர் போட்ட சட்டை. அதிகாரி தாண்டும்வரை கம்பெனி ஆள் எல்லையைத் தொடக்கூடாது என்பது விதி. அதனால் ரோட்டோரமாகவே நின்றான்.

"அக்கா, பசியாறிட்டியா?" என்றான், ஒன்றுமே நடக்காதது போல.

"கட்டு செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தியாமே. நீ எப்ப வந்து நாடி புடிச்சுப் பாத்த?"

"அது வேலைலா அக்கா. மனசுல வச்சுக்காத. அப்பா செத்த அன்னிக்கே இந்தக் கட்டெல்லாம் போயிருச்சு. நீ சும்மா ஒட்டுப்பால திரிச்சுக்கிட்டு இருக்க. உனக்கு காம்பார்ல மூணு ரூம் வீடு ஒண்ணு பேசி வச்சிருக்கேன். கார்னர் லாட்."

"உன் கார்னர் லாட்ல நீயே போய் மூலைக்கு ஒரு நாளா உக்காரு."

கோலின் காருக்குள் ஏறி ஏர்கோனைப் போட்டுக்கொண்டான்.

நைனா முகம்மது பிஸ்மி சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நடந்தார், நன்றாகவே நடந்தார், கையை வீசிக்கொண்டு நடந்தார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், இறங்கின இடத்தில் எல்லைக் கல்லுக்கு வெளியே வேர்த்து விறுவிறுத்து நின்றார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பதினொன்றுக்கு மறுபடியும் நடந்தார். பன்னிரண்டுக்குப் பக்கவாட்டில் நடந்தார். ஒரு மணிக்குப் பின்னோக்கி நடந்து பார்த்தார், அதுவும் ஒரு முறையாம். கட்டு அசையவில்லை.

உள்ளே இருந்தவர்கள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? வாசலில் ஒரு மனிதர் வேகாத வெயிலில் நிற்கிறார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க முடியவில்லை. ஏழாம் நம்பர் சாந்தினி இரண்டு இஞ்சி மிட்டாயை வாயில் அடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் வாயில் ரசம் சோற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மெல்லாமல் இருந்தார். பெட்ரீசியா மட்டும் கட்டுக்காரி என்கிற முறையில் தன் வீட்டு வாசல் தகரக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்து, எல்லைக் கல்லிலிருந்து பத்தடி தூரத்தில் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். யாராவது உதட்டைப் பிரித்தால் போதும், அவள் விரல் நீளும்.

இரண்டரைக்கு மேல் வானம் கறுத்தது. அலுவலகக் காரை எடுத்துக்கொண்டு காம்பாருக்குச் சாப்பிடப் போன டிரைவர் இன்னும் வரவில்லை. டயர் பஞ்சர் என்று போன் செய்தான். பேராக் மழைக்கு யார் பஞ்சர், யார் அதிகாரி என்றெல்லாம் தெரியாது. மூன்றே காலுக்குக் கொட்ட ஆரம்பித்தது. கோலினின் காருக்குள் ஏறலாம் என்றால் கம்பெனி வண்டியில் அதிகாரி ஏறக்கூடாது, லஞ்சம் ஆகிவிடும். செம்பனைக் காடும் தூரத்தில், ஒதுங்கப் பக்கத்தில் ஒரு மரம் இல்லை. நைனா முகம்மது தோல் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். படிவம் நனைகிறது என்று உடனே அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தலையை மழைக்குக் கொடுத்தார். இன்னும் முக்கால் மணி நேரம்தான். பதினெட்டு வீடும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

மனிதர் கடமை தவறாதவர். அந்த மழையிலும் மறுபடி நடக்க ஆரம்பித்தார். செருப்பு சேற்றில் மாட்டிப் பிய்ந்தது. வெறுங்காலோடு நடந்தார். தும்மினார். செம்பனைக் காட்டுக்கு மேலே பளீரென்று ஒரு மின்னல் வெட்டியது, கூடவே இடி. வெட்டவெளியில் நின்ற மனிதர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கினார்.

"ஐயோ சார், எதுக்கு அங்க நிக்கிறீங்க, உள்ள வாங்க!"

சொன்னது சாந்தினி இல்லை. சன்னாசியோ பாகான் செராயில் இருந்தார். சொன்னது பெட்ரீசியா.

தூக்கியிருந்த வலது காலை நைனா முகம்மது கீழே வைத்தார். அது எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த கால் தானாக வந்தது. நாலே எட்டில் கொட்டகைக்குள் வந்து நின்று, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவளைப் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்தது.

"தாண்டிட்டேன் தங்கச்சி," என்றார்.

சாந்தினி இஞ்சி மிட்டாயைத் துப்பினாள். "அடிப்பாவி அக்கா! சன்னாசியண்ணன மூட்ட கட்டி அனுப்பிட்டு, நீயே கூப்பிட்டுட்டியே!"

"நான் கூப்பிட்டதாலதானே சார் வந்தீங்க?" என்றாள் பெட்ரீசியா. "அத எழுதுங்க சார். கட்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் மூதேவி."

"எழுதலாம்மா. எந்தக் கட்டத்துல எழுத? இதுல எடமே இல்லயே." படிவத்தைக் காட்டினார். 'ஆம்' என்பதை டிக் அடித்தார். மை பரவியது. "இனி கம்பெனி ஆள் தன் காலால உள்ள வந்து நிக்கணும். நாலு மணிக்குள்ள. அது ஒரு சடங்கு, கைவசம் எடுத்துக்கிறதுக்கு. அதோட முடிஞ்சுது."

பெட்ரீசியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்க ஊரையே வாயை மூடவைத்தவள், தானே திறந்து பதினெட்டு வீட்டையும் தாரை வார்த்துவிட்டாள். செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? எழுந்துபோய் அதிகாரிக்கு ஒரு துண்டும், சூடாக, பால் ஊற்றாத ஒரு தே ஓவும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோலின் காரிலிருந்து இறங்கினான். கம்பெனிக் குடையை விரித்தான். அவன் முகத்தில் வெற்றிக் களை சொட்டியது. "அக்கா, எனக்கும் ஒரு டீ போடு," என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தான்.

வந்துகொண்டே இருந்தான்.

ஐந்து நிமிடம் கழித்தும் எல்லைக் கல்லுக்கு வெளியிலேயேதான் இருந்தான். குனிந்து ஷூவைப் பார்த்தான். சேறு வழுக்குகிறது என்று நினைத்து, ஷூவைக் கழற்றிவிட்டு வேகமாக நடந்தான். அப்புறம் ஓடினான். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. ஒரு சாண் நகரவில்லை.

"என்ன விளையாட்டு இது?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "சார், நான் இந்த ஊர்ல பொறந்தவன். அந்த மூணாம் நம்பர்லதான் பொறந்தேன். என்னை யாரும் வான்னு சொல்லத் தேவையே இல்ல."

நைனா முகம்மது டீயை வைத்துவிட்டுத் தோல் பையைத் திறந்தார். கோப்பைப் புரட்டினார். "தம்பி, மனுவோட நீங்க ஒரு சூராட், உறுதிக் கடுதாசி வச்சிருக்கீங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி சைன் பண்ணது. 'டன்ஸ்டன் தோட்டத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இனிமேலும் இருக்காது.' மூணு காப்பி."

"அது கம்பெனி கேட்டுச்சு சார். சொந்த ஊருன்னா இந்த வேலைய எனக்குத் தரமாட்டாங்க. சும்மா ஃபோர்மாலிட்டிக்கு."

ஃபோர்மாலிட்டி என்றால் என்னவென்று கட்டுக்குத் தெரியாது போலும். எழுதினதை அப்படியே நம்பிவிட்டது. நூற்று முப்பது வருடமாக ஒரு கையெழுத்தை மதித்து நிற்கிற கயிறு, இன்னொரு கையெழுத்தை மட்டும் மதிக்காமல் விடுமா?

"தம்பி, நாலு மணிக்குள்ள நீங்க உள்ள வரலன்னா, கட்டு உசுரோட இருக்குன்னுதான் நான் எழுதணும்," என்றார் நைனா முகம்மது. மணி மூன்று ஐம்பத்தொன்று.

வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதினெட்டு வீட்டுச் சனமும் வந்து நின்று பார்த்தது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. இந்தத் தடவை யாருக்கும் இஞ்சி மிட்டாய் தேவைப்படவில்லை.

கோலின் குடையை எறிந்துவிட்டு எல்லைக் கல்லுக்கு நேராக வந்து நின்றான். "அக்கா," என்றான். "ஒரு வார்த்தைக்கா. வான்னு சொல்லு. இல்லன்னா என் வேல போயிரும். வீட்டுக் கடன் இருக்கு, பிள்ளைங்க இருக்கு. யாரோ ஒரு ஆள கூப்பிட்டியேக்கா. நான் உன் தம்பி."

பெட்ரீசியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் பதினெட்டு வீட்டையும் நினைத்தாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவனைத்தான் நினைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இதே வாசலில் நின்று திடலைப் பார்த்து, "கோலின், வாடா சாப்பிட" என்று தொண்டை கிழியக் கூப்பிட்ட நாள் எத்தனை. அப்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டு வந்தவன் இல்லை. இப்போது கூப்பிடு கூப்பிடு என்று மழையில் நின்று கெஞ்சுகிறான். அவள் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"அக்கா."

அவள் சொல்லவில்லை.

நான்கு மணி ஆனதும் நைனா முகம்மது முன்பு போட்ட டிக்கைக் கோடு போட்டு நீக்கி, சுருக்கொப்பம் வைத்து, ஓரத்தில் எழுதினார். 'கம்பெனிப் பிரதிநிதி நுழைய இயலவில்லை. கட்டு உயிருடன் உள்ளது.' கீழே முத்திரை குத்தினார். ஈரத்தில் முத்திரை சரியாக விழவில்லை, மறுபடியும் குத்தினார். சாந்தினி கூவினாள். யாரோ பட்டாசு கொளுத்தினார்கள், மழையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதற்கும் கை தட்டினார்கள்.

பெட்ரீசியா கொட்டகையை விட்டு இறங்கி மழைக்குள் ஓடினாள். எல்லைக் கல்லுக்கு வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"வா தம்பி," என்றாள். "உள்ள வாடா. இப்ப ஒண்ணும் இல்ல. முடிஞ்சுருச்சு. நனையிற பாரு, வா, சோறு இருக்கு, வா."

கோலின் அவளையே பார்த்தான். வலது காலைத் தூக்கி, கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தான். கால் ஒரு தடையும் இல்லாமல் உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலை எடுத்துக்கொண்டான்.

"போறேன்கா," என்றான்.

போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. ஷூவைக்கூட எடுக்காமல் காரில் ஏறினான். கார் செம்பனைக் காட்டு வளைவில் திரும்பி மறைந்த பிறகும், பெட்ரீசியா இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.